நிலா நாளை எண்ணும், சூரியன் மாதத்துக்குப் பேர் வைக்கும்: சீன நாட்காட்டியின் 24 புள்ளிகள்

இன்னைக்கு எபிசோடை ஒரு கவுண்ட்டவுனோட ஆரம்பிப்போம்.

2022 பிப்ரவரி 4. பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்ஸ் தொடக்க விழா. இயக்கியவர் சினிமா இயக்குநர் சாங் யிமோ. எல்லா ஊர்லயும் கவுண்ட்டவுன் பத்துல இருந்து இறங்கும். அன்னைக்கு அது 24ல இருந்து இறங்கிச்சு. ஒவ்வொரு எண்ணோடயும் திரையில ஒரு பெயர். மழைநீர். பூச்சிகள் விழிப்பு. தானிய மழை. வெண்பனித்துளி. சிறு குளிர். பெருங்குளிர். கடைசியா ஒன்றுல வந்து நின்னப்போ வந்த பெயர் 'லீச்சுன்', அதாவது வசந்தத் தொடக்கம். அன்றைய தேதியே லீச்சுன் நாள்தான்.

இதுல ஒரு குழப்பம் இருக்கு. 'வசந்த விழா'ன்னு சீனர்கள் கொண்டாடுற புத்தாண்டு அந்த வருஷம் பிப்ரவரி 1ஆம் தேதியே வந்துட்டுப் போயிடுச்சு. வசந்த விழா 1ஆம் தேதி, வசந்தத் தொடக்கம் 4ஆம் தேதி. அப்போ வசந்தம் எப்பதான் தொடங்குச்சு?

ரெண்டு பதில் இருக்கு. ஏன்னா அந்த நாட்காட்டிக்குள்ள ரெண்டு கடிகாரம் ஓடுது. ஒண்ணு நிலாவோடது, இன்னொண்ணு சூரியனோடது. இந்த ரெண்டையும் ஒண்ணா கட்டி வைக்கிற முடிச்சுதான் அந்த 24 பெயர்கள். அந்த முடிச்சை எப்படிப் போடணும்ங்கிற சண்டையில, 350 வருஷத்துக்கு முன்னாடி பெய்ஜிங்ல தலைகள் உருண்டிருக்கு. இன்னைக்குக் கதை அதுதான்.

பதினொரு நாள் கடன்

முதல்ல அடிப்படைக் கணக்கு. பயப்படாதீங்க, சின்னக் கணக்குதான்.

ஒரு அமாவாசையில இருந்து அடுத்த அமாவாசைக்கு சராசரியா 29.53 நாள். பன்னிரண்டு அமாவாசை சுத்தி வந்தா 354 நாள் சொச்சம். ஆனா பருவங்கள் ஒரு சுற்று சுத்தி வர 365 நாள் சொச்சம் ஆகுது. இடையில கிட்டத்தட்ட 11 நாள் இடிக்குது. நிலாவை மட்டும் நம்பி நாட்காட்டி போட்டா, வருஷத்துக்கு 11 நாள் கடன் ஏறிக்கிட்டே போகும்.

அந்தக் கடனை அப்படியே விட்டுடறதும் ஒரு வழி. இஸ்லாமிய நாட்காட்டி அதைத்தான் செய்யுது. அதனாலதான் ரமலான் சில வருஷம் கோடையில வருது, சில வருஷம் குளிர்ல வருது. இன்னொரு வழி, கடன் ஒரு மாசம் அளவுக்குச் சேர்ந்ததும் ஒரு மாசத்தைக் கூடுதலா செருகிடறது. பன்னிரண்டு மாச வருஷம் அப்போ பதின்மூணு மாச வருஷமா ஆகும். 19 வருஷத்துல ஏழு தடவை இப்படிச் செருகினா கணக்கு அநேகமா நேராயிடும். சீனர்கள் எடுத்த வழி இதுதான்.

சரி, ஒரு மாசத்தைச் செருகணும். எந்த இடத்துல செருகறது? மூணாவது மாசத்துக்கு அப்புறமா, எட்டாவதுக்கு அப்புறமா? நிலாவைக் கேட்டா பதில் வராது. எல்லா அமாவாசையும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், எதுலயும் நம்பர் எழுதியிருக்காது. இங்கதான் சூரியன் உள்ளே வர்றார்.

மூங்கிலில் 24 கணு

சூரியன் வருஷம் முழுக்க வானத்துல சுத்தி வர்ற பாதையை ஒரு வட்டமா நினைச்சுக்கோங்க. 360 டிகிரி. அதை 15 டிகிரி, 15 டிகிரியா வெட்டினா 24 புள்ளி கிடைக்கும். சீனத்துல இதுக்கு 'ஜியேச்சி'ன்னு பேர். 'ஜியே'ங்கிற எழுத்துக்கு மூல அர்த்தம் மூங்கில் கணு. வருஷம் ஒரு நீளமான மூங்கில், அதுல 24 கணுன்னு வெச்சுக்கலாம்.

இந்தக் கணுக்களை அவங்க நிழலை வைத்துக் கண்டுபிடித்தார்கள். தரையில ஒரு கம்பத்தை நேரா நட்டு, தினமும் நண்பகல்ல அதோட நிழலை அளக்கணும். நிழல் மிக நீளமா விழுற நாள் குளிர்காலத்தின் உச்சி. அதுக்கு 'டொங்ஜி'ன்னு பேர், டிசம்பர் 21 அல்லது 22 வாக்கில் வரும். மிகக் குட்டையா விழுற நாள் ஜூன் 21 வாக்கில். மொத்தக் கட்டடத்துக்கும் அஸ்திவாரம் டொங்ஜிதான். பின்னாடி 13ஆம் நூற்றாண்டில் குவோ ஷோஜிங் என்ற வானியலாளர், ஹெனான் மாகாணத்தில் இதே வேலைக்காக ஒரு பெரிய செங்கல் கோபுரமே கட்டினார். உயரம் கூடினா நிழல் நீளமாகும், நிழல் நீளமானா அளவில் பிழை குறையும். அவர் குழு உருவாக்கி 1281இல் அமலுக்கு வந்த நாட்காட்டியில் ஒரு வருஷம் என்பது 365.2425 நாள். நாம இன்னைக்குப் பயன்படுத்துற ஆங்கில நாட்காட்டியின் சராசரி வருஷமும் அதே எண்தான். ஆனா அது 1582இல் வந்தது.

24 பெயர்களும் ஒரே பட்டியலா 'ஹுவாய்நான்சி'ங்கிற நூல்ல இருக்கு. அது கி.மு. 139இல் ஹான் பேரரசர் வூவிடம் தரப்பட்ட நூல். பெயர்களைப் பார்த்தாலே எந்த மண்ணுல பிறந்ததுன்னு தெரியும். சிறு பனிப்பொழிவு, பெரும் பனிப்பொழிவு, உறைபனி இறங்கல்: இதெல்லாம் வடக்கே மஞ்சள் ஆற்றுச் சமவெளியின் வானிலை. தெற்கே குவாங்டோங்கில் 'பெரும் பனிப்பொழிவு' நாளன்னைக்கு ஜன்னலைத் திறந்து பார்த்தா பனி இருக்காது. ஆனாலும் பேரரசு முழுக்க ஒரே பெயர்தான். அரசு எங்க இருந்து நேரத்தைச் சொல்லுதுங்கிறது அந்தப் பெயர்கள்லயே பதிஞ்சிருக்கு.

இந்தப் புள்ளிகள் சூரியனோடது. அதனால ஆங்கிலத் தேதியோட ஒட்டியே வரும், ஒண்ணு ரெண்டு நாள் முன்ன பின்ன. முன்னோர் கல்லறைக்குப் போய்ச் சுத்தம் பண்ணுற ச்சிங்மிங் 24 புள்ளிகள்ல ஒண்ணு. அது ஏப்ரல் 4 அல்லது 5 வாக்கில் வந்துடும். சீனப் புத்தாண்டு நிலாவோடது. அது ஜனவரி கடைசிக்கும் பிப்ரவரி 20 வாக்கிலுக்கும் நடுவுல ஆடிக்கிட்டே இருக்கும். நம்ம ஊர்ல பொங்கல் ஜனவரி 14, 15ஐ விட்டு நகர்றதில்ல, தீபாவளி மட்டும் அக்டோபர், நவம்பர்னு அலையுதே, அதே கதைதான்.

பேர் வைக்கும் விதி

இப்போ முடிச்சுக்கு வருவோம்.

24 புள்ளிகள்ல ஒண்ணு விட்டு ஒண்ணு எடுத்தா பன்னிரண்டு கிடைக்கும். அந்தப் பன்னிரண்டுக்கும் 'ஜோங்ச்சி'ன்னு தனிப் பேர். நடுப்புள்ளின்னு சொல்லலாம். ஒவ்வொரு நடுப்புள்ளியும் ஒரு மாத எண்ணோட சேர்ந்தது. மழைநீர் எந்த மாசத்துக்குள்ள விழுதோ அது முதல் மாசம். டொங்ஜி எந்த மாசத்துக்குள்ள விழுதோ அது பதினோராவது மாசம்.

மாசத்தைத் தொடங்கி வைக்கிறது அமாவாசை. அதுக்கு நம்பர் கொடுக்கிறது சூரியன். இந்த ஒரு வரி மனசுல இருந்தா போதும், மீதி எல்லாம் இதுல இருந்து வந்துடும்.

அடுத்தது: ரெண்டு நடுப்புள்ளிக்கு இடைவெளி சராசரியா 30.44 நாள். நிலா மாசம் 29 அல்லது 30 நாள்தான். அதனால அப்பப்போ ஒரு மாசம் ரெண்டு நடுப்புள்ளிக்கு இடையில மாட்டிக்கும். அதுக்குள்ள எந்த நடுப்புள்ளியும் விழாது. நடுப்புள்ளி இல்லைன்னா நம்பர் இல்லை. நம்பர் இல்லாத மாசம்தான் அதிக மாதம். முந்தின மாசத்தோட எண்ணையே அதுக்கும் கொடுத்து, 'அதிக ஆறு', 'அதிக எட்டு'ன்னு கூப்பிடுவாங்க.

உதாரணம் ரொம்பப் பக்கத்துலயே இருக்கு. 2025 ஜூலை 25 அன்று ஒரு நிலா மாசம் தொடங்கிச்சு. ஆகஸ்ட் 22 வரைக்கும் 29 நாள். 'பெருவெப்பம்'ங்கிற நடுப்புள்ளி ஜூலை 22லயே, முந்தின மாசத்துலயே முடிஞ்சிருச்சு. அடுத்த நடுப்புள்ளியான 'வெப்பம் தணிதல்' வந்தது ஆகஸ்ட் 23. ஒரே ஒரு நாள்ல தவறிடுச்சு. அதனால 2025இல் ரெண்டு ஆறாம் மாசம்.

இந்த விதி அரசு நாட்காட்டியில் ஏறியது கி.மு. 104இல், பேரரசர் வூ கொண்டுவந்த தைச்சூ சீர்திருத்தத்தில். அந்த வேலையில் வரலாற்றாசிரியர் சிமா ச்சியெனும் இருந்தார், லுவோஷியா ஹோங் என்ற வானியலாளரும் இருந்தார். அதுக்கு முன்னாடி ச்சின் பேரரசிலும் ஹான் ஆட்சியின் தொடக்கத்திலும் வருஷம் பத்தாம் மாசத்தில் தொடங்கி ஒன்பதாம் மாசத்தில் முடிந்தது. அதிக மாதத்தைக் கொண்டுபோய் வருஷக் கடைசியில் 'பின் ஒன்பது'ன்னு ஒட்டிடுவாங்க. பையில மிஞ்சினதை எல்லாம் கடைசி ஜிப்புல திணிக்கிற மாதிரி. தைச்சூவுக்கு அப்புறம் அதிக மாதம் எங்க தேவையோ அங்கயே வந்து உட்கார்ந்தது. மாசங்களும் பருவங்களை விட்டு ரொம்ப விலகாம நின்னது.

தெலுங்கு, கன்னடப் பஞ்சாங்கம் பார்க்கிற நண்பர்கள் இருந்தா கேட்டுப் பாருங்க. அங்கயும் சங்கராந்தி விழாத நிலா மாசம்தான் அதிக மாசம். விதியின் வடிவம் ஒண்ணுதான். நம்ம பக்கம் சங்கராந்தியை நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடுறாங்க, சீனத்தில் பருவங்களை வைத்து. அதுதான் வித்தியாசம்.

சம துண்டா, நிஜ சூரியனா?

இதுவரைக்கும் ஒரு விஷயத்தை மேலோட்டமா சொல்லிட்டு வந்தேன். 24 புள்ளின்னேன். வட்டத்தை 24 சம துண்டா வெட்டலாம். இல்லைன்னா வருஷத்தோட நாட்களை 24 சம துண்டா வெட்டலாம். ரெண்டும் ஒண்ணுதானேன்னு தோணும். ஒண்ணு இல்லை.

ஏன்னா சூரியன் ஒரே வேகத்துல ஓடறதில்ல. இன்னைக்குக் காரணம் தெரியும்: பூமியோட பாதை நீள்வட்டம். ஜனவரி தொடக்கத்துல நாம சூரியனுக்குப் பக்கத்துல இருக்கோம், அப்போ வேகம் கூடும். ஜூலையில தள்ளி இருக்கோம், வேகம் குறையும். அதனால குளிர்காலத்துல ரெண்டு நடுப்புள்ளிக்கு இடையில சுமார் 29 நாள் 11 மணி நேரம்தான். கோடையில அது 31 நாளுக்கும் மேல நீளும்.

சீன வானியலாளர்களுக்கு இந்த வேக வித்தியாசம் 6ஆம் நூற்றாண்டிலேயே தெரியும். சாங் சிஷின் என்பவர் ஒரு தீவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வானத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடித்தார். அதுக்கப்புறம் கிரகணம் கணிக்கும்போது நிஜ சூரியனையே எடுத்துக்கிட்டாங்க. ஆனா மக்களுக்கு அச்சடிச்சுக் கொடுக்கிற நாட்காட்டியில மட்டும் சம நாள் துண்டுகளே தொடர்ந்தன, ஆயிரம் வருஷத்துக்கு மேல.

அது முட்டாள்தனம் இல்ல. சம துண்டு ரொம்ப ஒழுங்கான பிள்ளை. 30.44 நாள் இடைவெளியில ஒரே மாசத்துல ரெண்டு நடுப்புள்ளி விழவே முடியாது. எந்த மாசம் அதிக மாசம்ங்கிறதுல சந்தேகமே வராது. நிஜ சூரியனை உள்ளே விட்டா, குளிர்காலத்துல ஒரே மாசத்துல ரெண்டு நடுப்புள்ளி விழலாம். பக்கத்துல இன்னொரு மாசம் வெறுமையா நிக்கலாம், அது உண்மையான அதிக மாதமா இல்லாமலும் போகலாம். துல்லியம் கூடும், ஒழுங்கு குறையும்.

எதை எடுக்கிறது? 1645இல் ஒரு முடிவு வந்தது. இருபது வருஷத்தில் அது ஐந்து பேரின் உயிரைக் குடித்தது.

ஒரு மாதத்துக்காக ஒரு வழக்கு

மிங் ஆட்சியின் கடைசிக் காலம். கிரகணக் கணிப்புகள் தவறிக்கொண்டே இருந்தன. சீனாவில் இது வெறும் தொழில்நுட்பக் கோளாறு கிடையாது. பேரரசர் வானத்தின் ஆணையால் ஆள்பவர். அவர் பெயரில் வெளிவரும் நாட்காட்டி தப்பானால் ஆணையே சந்தேகத்துக்கு உள்ளாகும். தனி ஆட்கள் சொந்தமா நாட்காட்டி அச்சடிப்பது கடும் தண்டனைக்குரிய குற்றம். இந்த நெருக்கடியில் ஷூ குவாங்ச்சி என்ற மூத்த அமைச்சர், ஐரோப்பாவிலிருந்து வந்திருந்த இயேசு சபைப் பாதிரியார்களின் கணிதத்தைக் கொண்டு 1629இல் ஒரு பெரிய சீர்திருத்த வேலையைத் தொடங்கினார். 1633இல் அவர் இறந்தார். அதுக்கப்புறம் நூல் முடிந்தும் அமலுக்கு வரவில்லை. 1644இல் மிங் ஆட்சியே விழுந்தது.

புதிதாக வந்த மஞ்சு ஆட்சியாளர்களிடம் அந்தக் கணக்கைக் கொண்டுபோய் நீட்டியவர் ஆடம் ஷால், ஜெர்மானியப் பாதிரியார். 1644 செப்டம்பர் 1 அன்று வந்த சூரிய கிரகணத்தைச் சரியாகக் கணித்துக் காட்டினார். அடுத்த ஆண்டே 'ஷிஷியென்' என்ற பெயரில் புதிய நாட்காட்டி அமலுக்கு வந்தது. அதில்தான் 24 புள்ளிகளும் முதல் தடவையாக நிஜ சூரியனின் 15 டிகிரிகளாக மாறின. வானியல் துறையின் தலைமைப் பொறுப்பும் ஷாலிடம் வந்தது.

எதிர்ப்பு யாங் குவாங்ஷியென் என்பவரிடமிருந்து வந்தது. புதிய நாட்காட்டியில் பத்துப் பிழைகள் என்று ஒரு பட்டியல் போட்டார். நமக்கு அந்தப் பட்டியல் ரொம்ப சுவாரசியமானது. ஒரே மாசத்தில் மூன்று பருவப் புள்ளிகள் வருவது எப்படி? கோடையில் சூரியன் மெதுவாகப் போகிறது என்பது எப்படி? சம துண்டுக் கணக்கில் 30 நாள் மாசத்துக்குள் மூன்று புள்ளி நுழையவே முடியாது. குளிர்காலத்து நிஜ சூரியக் கணக்கில் முடியும். பழைய கணக்கில் வளர்ந்த கண்ணுக்கு அது அபத்தம்தான். பட்டியலில் இன்னொரு குற்றச்சாட்டு: லுவோஹோ, ஜிது ரெண்டையும் இடம் மாற்றிவிட்டார்கள். யார் இந்த லுவோஹோ, ஜிது? நம்ம ராகு, கேதுதான். பௌத்தத்தோடு இந்தியாவிலிருந்து போய் சீன வானியலில் குடியேறினவங்க.

1664இல் வழக்கு சூடு பிடித்தது. பேரரசர் கங்ஷி அப்போது பத்து வயதுச் சிறுவன், அதிகாரம் அவர் சார்பில் ஆண்டவர்களின் கையில். நாட்காட்டிக் குற்றங்களோடு தேசத்துரோகம் சேர்ந்தது. மறைந்த பேரரசரின் கைக்குழந்தையை அடக்கம் செய்யக் கெட்ட நேரம் குறித்துக் கொடுத்தார்கள், அதனால்தான் அரச குடும்பத்தில் அடுத்தடுத்துச் சாவுகள் விழுந்தன என்ற குற்றச்சாட்டும் சேர்ந்தது. எழுபதைத் தாண்டிய ஷால் பக்கவாதத்தில் பேச்சு இழந்திருந்தார். இளையவரான ஃபெர்டினாண்ட் வெர்பீஸ்ட் என்ற பாதிரியார்தான் அவருக்காகப் பேசினார். 1665இல் தீர்ப்பு: ஷாலை அணு அணுவாக வெட்டிக் கொல்ல வேண்டும். அந்த நாட்களில் பெய்ஜிங்கில் நிலநடுக்கம் வந்தது. வானத்தின் கோபம் என்று எல்லோரும் பயந்தார்கள். ஷால் விடுவிக்கப்பட்டார், அடுத்த ஆண்டு இறந்தார். ஆனால் அவரோடு வேலை பார்த்த சீன அதிகாரிகள் ஐந்து பேருக்கு நிலநடுக்கம் உதவவில்லை. லி சுபாய் உட்பட ஐவரும் தலை வெட்டிக் கொல்லப்பட்டார்கள்.

யாங்கையே வானியல் துறைக்குத் தலைவராக்கினார்கள். தனக்குத் தத்துவம் தெரியும், கணக்கு தெரியாது என்று அவரே மன்றாடிப் பார்த்தார், விடவில்லை. பழைய சம துண்டு நாட்காட்டி திரும்பி வந்தது. யாங்கும் அவருடைய உதவியாளர் வூ மிங்ஷுவானும் அதை நடத்தினார்கள்.

1668 டிசம்பர். கங்ஷிக்குப் பதினான்கு வயது. நாட்காட்டியைச் சோதிக்க முடிவெடுத்தார். ஒரு கம்பம், நண்பகல், நிழல் எங்கே விழும்? முன்கூட்டியே சொல்ல வேண்டும். வெர்பீஸ்ட் மூன்று நாள் கணித்தார், மூன்று நாளும் நிழல் அவர் குறித்த கோட்டில் விழுந்தது. அடுத்த சில வாரங்களில் இன்னும் சோதனைகள்: லீச்சுன் எப்போது, மழைநீர் எப்போது, நிலாவும் செவ்வாயும் வியாழனும் எங்கே. எல்லாவற்றிலும் வெர்பீஸ்ட் சரி, வூ தவறு என்று பதிவானது.

இதைவிடப் பெரிய குண்டு ஒன்று இருந்தது. அந்த 1669 வருஷத்துக்கு யாங்கின் துறை பன்னிரண்டாம் மாசத்துக்கு அப்புறம் ஒரு அதிக மாதம் போட்டிருந்தது. அது தப்பு என்றார் வெர்பீஸ்ட். ஏன்? அவர்கள் அதிக மாதம் என்று சொன்ன மாசம் 1670 ஜனவரி 21 அன்று தொடங்குகிறது. சம துண்டுக் கணக்கில் 'மழைநீர்' அந்த மாசத்தைத் தாண்டி விழுகிறது. நிஜ சூரியனோ குளிர்காலத்தில் வேகமாக ஓடி, ஏறத்தாழ இரண்டு நாள் முன்னாடியே, மாசம் முடிவதற்குள் அந்தப் புள்ளியைத் தொட்டுவிடுகிறது. மழைநீர் விழுந்தால் அது முதல் மாசம். அப்படியானால் 1670 ஜனவரி 21 அதிக மாதத்தின் முதல் நாள் இல்லை, புத்தாண்டு.

பேரரசின் பெயரில் வெளியான நாட்காட்டியிலிருந்து ஒரு மாசத்தையே எடுக்க வேண்டும். எடுத்தார்கள். அதிக மாதம் அடுத்த வருஷத்தின் இரண்டாம் மாசத்துக்குப் பின்னால் போனது. புத்தாண்டு ஒரு மாசம் முன்னால் வந்தது. யாங் பதவி இழந்து ஊர் திரும்பும் வழியில் இறந்தார். கொல்லப்பட்ட ஐவர் மீதான பழி துடைக்கப்பட்டது. அரண்மனை வாசலில் நிழல் அளந்த அன்று கூடியிருந்த அதிகாரிகளில் ஒருவருக்கும் கணக்கு புரியவில்லை, அதனால்தான் தானே கணிதம் படிக்க உட்கார்ந்ததாக கங்ஷி பின்னாளில் தன் பிள்ளைகளிடம் சொன்னார்.

ஒரு மணி நேரம், ஒரு மாசம்

இது பழங்கதைன்னு நினைக்காதீங்க. அதே ஜனவரி 21 இன்னொரு தடவையும் பிரச்சினை பண்ணியிருக்கு.

வியட்நாமும் இதே விதிகளைத்தான் பயன்படுத்துது. ஆனா ஹனோய் நேரம் பெய்ஜிங் நேரத்துக்கு ஒரு மணி நேரம் பின்னாடி. 1984இல் டொங்ஜி வந்த கணம், ஹனோய்ல டிசம்பர் 21 இரவு 11 மணி 23 நிமிஷம். பெய்ஜிங்ல அதே கணம் டிசம்பர் 22, நள்ளிரவு தாண்டி 12 மணி 23 நிமிஷம். அந்த 22ஆம் தேதிதான் ரெண்டு ஊர்லயும் புது நிலா மாசம் தொடங்கிச்சு.

டொங்ஜி எந்த மாசத்துல விழுதோ அது பதினோராவது மாசம்னு சொன்னேன் இல்லையா? ஹனோய் கணக்குல டொங்ஜி பழைய மாசத்தோட கடைசி நாள்ல விழுந்தது. பெய்ஜிங் கணக்குல புது மாசத்தோட முதல் நாள்ல விழுந்தது. விளைவு: 1985இல் வியட்நாம் ஜனவரி 21 அன்று புத்தாண்டு கொண்டாடிச்சு. சீனா பிப்ரவரி 20 அன்று. ஒரு மணி நேர வித்தியாசம் ஒரு முழு மாசமா வீங்கிடுச்சு.

விதவை வருஷமும் 2033உம்

நிலா வருஷமும் சூரியப் புள்ளியும் ஒட்டாம நகர்றதால இன்னொரு வேடிக்கை உண்டு. பதின்மூணு மாச வருஷத்துக்குள்ள லீச்சுன் ரெண்டு தடவை விழும். சில வருஷத்துல ஒரு தடவை கூட விழாது. 2024 பிப்ரவரி 10 முதல் 2025 ஜனவரி 28 வரை இருந்த டிராகன் வருஷம் அப்படி ஒண்ணு. லீச்சுன் இல்லாத வருஷத்தை 'விதவை வருஷம்'னு சொல்லி, கல்யாணத்துக்கு ஆகாதுன்னு நம்புறவங்க உண்டு. 2024இல் சீனாவில் பதிவான திருமணங்கள் சுமார் 61 லட்சம், முந்தின வருஷத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இளைஞர் எண்ணிக்கை குறைஞ்சதும், வீட்டு விலையும், வேலைக் கவலையும்தான் பெரிய காரணங்கள். ஆனா விதவை வருஷமும் அந்தப் பேச்சில் அடிபட்டது. வசந்தம் அந்த வருஷமும் வந்தது. சூரியன் தன் 315ஆவது டிகிரியைத் தவறாமத் தொட்டது. வருஷத்தோட எல்லைக்கோடு எங்க விழுந்ததுங்கிறது மட்டும்தான் விஷயம்.

அடுத்த சிக்கல் 2033இல். ஆகஸ்ட் 25 அன்று தொடங்குற நிலா மாசத்துல நடுப்புள்ளி இல்லை. நாம படிச்ச விதிப்படி அது அதிக மாதம். 1990களின் தொடக்கம் வரைக்கும் வந்த நாட்காட்டி நூல்கள் அப்படித்தான், 'அதிக ஏழு'ன்னு போட்டிருந்தன. ஆனா அப்படிப் போட்டா டொங்ஜி பத்தாம் மாசத்துல போய் விழும். அஸ்திவாரமே ஆடும். டொங்ஜி பதினோராவது மாசத்தில்தான் இருக்கணும். அதைக் காப்பாத்தணும்னா டிசம்பர் 22 அன்று தொடங்குற மாசம்தான் அதிக மாதம்: 'அதிக பதினொன்று'. நிலா முழுசா நிக்கிற நடு இலையுதிர் விழா அந்த வருஷம் செப்டம்பர் 8ஆ, அக்டோபர் 7ஆங்கிறது இதைப் பொறுத்தது. சரியான விடை செப்டம்பர் 8. சீன அரசு 2017இல் இந்த விதிகளை ஒரு தேசியத் தரநிலையாவே எழுதி வெளியிட்டது. அதுக்கு முந்தின வருஷம், 2016இல், 24 புள்ளிகளும் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியல்ல சேர்ந்தன.

யாங் சொன்னதுல ஒரு உண்மை இருந்ததுன்னு இங்க ஒத்துக்கணும். நிஜ சூரியன் ஒழுங்கைக் கெடுக்கும்னு அவர் பயந்தார். 2033 மாதிரி வருஷங்கள் அதுக்குச் சாட்சி. சம துண்டுக் கணக்குல இந்தச் சிக்கல் பிறக்கவே பிறக்காது. அவர் தோத்தது வேற இடத்துல. நண்பகல்ல கம்பத்தோட நிழல் எங்க விழும்னு கேட்டப்போ, அவர் பக்கம் அதுக்குச் சரியான பதில் இல்லை. அந்த ஐந்து பேரும் அந்தச் சோதனைக்கு மூணு வருஷம் முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டாங்க.

'லூனார் நியூ இயர்'னு அடுத்த தடவை யாராவது சொன்னா, தப்புன்னு சண்டைக்குப் போக வேணாம். அது எந்த அமாவாசைன்னு தேர்ந்தெடுத்தது சூரியன்னு மட்டும் சொல்லுங்க. உங்க ஃபோன்ல மாற்று நாட்காட்டி காட்டுற வசதி இருந்தா, சீன நாட்காட்டியைப் போட்டு 2033 டிசம்பர் 22க்குப் போய்ப் பாருங்க. 'அதிக பதினொன்று'ன்னு காட்டினா, கணக்கை யாரோ ஒழுங்கா போட்டிருக்காங்க.